பெயர் வைத்தவன் கடன்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பது தொழிலில் ஒரு பகுதி. இத்தனை ஆண்டுகளில் நான் எத்தனை பேருக்குப் பெயர் வைத்திருப்பேன் என்று கணக்குப் பார்த்தால் ஒரு சிறு கிராமத்தின் வாக்காளர் பட்டியல் அளவுக்கு வரும். வக்கீல்கள், மிராசுதார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், காதலில் தோற்ற இளைஞர்கள், தோற்காமல் கல்யாணம் செய்துகொண்டு அவதிப்பட்ட இளைஞர்கள் எல்லாருக்கும் வைத்தாயிற்று. அவர்களில் ஒருவராவது "பசிக்கிறது" என்று என் வாசற்படியில் வந்து நின்றதில்லை. கதை முடிந்ததும் அவரவர் பெயரை எடுத்துக்கொண்டு அவரவர் புத்தகத்துக்குள் போய்விடுவார்கள். ஆகையால் பெயர் வைப்பது செலவில்லாத காரியம் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு நாய். இத்தாலி தேசத்தில், டூரின் நகரத்தில், ஒரு வீட்டுக் கூடத்தில் அதைச் சந்தித்தேன். சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்று வளர்க்கப்பட்ட ஹஸ்கி ஜாதி. அதற்கு ஓர் இத்தாலியப் பெயர் தேடிக் கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

என் தங்கையின் மகள் அந்த ஊரில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் அந்த ஊர்க்காரரே. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. "மாமா, எத்தனை வருஷமாக் கூப்பிடறேன்! வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்களேன்" என்று அவள் வற்புறுத்தியதன்பேரில் ஒரு மே மாதத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். மாடி வீட்டின் முகப்பில் நின்றால் மேற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெரியும். கீழே தெருவில் மரங்கள் துளிர்த்துவிட்டன; மலையுச்சியில் மட்டும் பனி இன்னும் கரையவில்லை. நான் போன இரண்டாவது வாரத்தில் நாய் வந்தது.

அதை அவர்கள் விலை கொடுத்து வாங்கவில்லை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்றிலிருந்து அழைத்து வந்தார்கள். மூன்று வயதுப் பெண் நாய். ஓநாயின் முகவெட்டு, கறுப்பும் வெள்ளையுமான அடர்ந்த ரோமம், கோலிக் குண்டைப் போல் வெளிறிய நீலக் கண்கள். அந்தக் கண்ணழகைப் பார்த்துத்தான் முதல் எஜமானர் ஆசையோடு வாங்கியிருக்கிறார். ஹஸ்கி நாய்க்கு ஓட வேண்டும். பல மைல் தூரம் ஓடினாலும் சளைக்காத உடம்பு அது. அதை இரண்டு அறை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போனால் அது என்ன செய்யும்? சோபாவைக் கிழித்தது. கதவைச் சுரண்டியது. ஓநாய்க் குரலில் ஊளையிட்டு அக்கம்பக்கத்தாரின் சாபத்தைச் சம்பாதித்தது. ஒருநாள் அவர் அதைக் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாராம்.

இத்தாலியில் 1991-ஆம் ஆண்டு முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. ஆளில்லை, இடமில்லை என்ற காரணத்துக்காகக் காப்பகத்து நாயைக் கொல்லக் கூடாது. தீராத நோயோ, நிரூபிக்கப்பட்ட ஆபத்தோ இருந்தால்தான் அந்தப் பேச்சு. வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிட்டுப் போவதும் அங்கே குற்றம். சட்டம் உயிரைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் வீட்டைக் கொடுக்க அதனால் முடியாது. அதனால் எத்தனையோ நாய்கள் கம்பிக்குப் பின்னாலேயே கிழடாகிப் போகின்றன. இந்த நாய்க்கு அதிர்ஷ்டம் இருந்தது.

ஒவ்வொரு நாயையும் அரசாங்கப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அந்த நாட்டு வழக்கம். அந்தத் தாளை என் மருமகள் மேசைமேல் விரித்தாள். இனம், நிறம், பிறந்த ஆண்டு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பெயர் என்ற கட்டத்தில் பழைய எஜமானர் கொடுத்த பெயர்: ரெஜீனா. அரசி என்று பொருள். அரசியைத்தான் அவர் காப்பகத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

"இந்தப் பேர் வேண்டாம்" என்றாள் மருமகள். "விட்டுட்டுப் போனவன் வெச்ச பேர். புதுசா, நல்லதா, இந்த ஊர்ப் பேரா ஒண்ணு வைக்கணும். மாமா, நீங்கதானே கதையிலே எல்லாருக்கும் பேர் வைக்கிறவர், சொல்லுங்களேன்!"

தொழில்முறையில் கேட்டால் மறுக்க முடியுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இத்தாலிய மொழி நாய்க்குப் பெயர் வைப்பதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. அதன் சொற்களெல்லாம் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. ஆகவே மைதானத்தின் கோடியில் ஓடிக்கொண்டிருக்கும் நாயை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டி அழைக்கலாம். குறுகிய பெயராகவும் இருக்க வேண்டும். இந்த இலக்கணத்தை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் ஸெனோஃபோன் எழுதி வைத்துவிட்டார். சாக்ரடீஸின் மாணவர்; போர்வீரர்; சரித்திர ஆசிரியர். அவ்வளவு பெரிய மனிதர், வேட்டையைப் பற்றி எழுதிய நூலில், நாயின் பெயர் சட்டென்று கூப்பிடும்படி சிறியதாக இருக்கட்டும் என்று சொல்லி, 40-க்கும் மேற்பட்ட பெயர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். அந்த வரிசையில் முதற்பெயருக்கு ஆன்மா என்று அர்த்தம். நாய்க்கு ஆன்மா உண்டா என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வீட்டில் மகாநாடு கூடிற்று. குழந்தை "நேவே!" என்று கூவினாள். பனி என்று அர்த்தம். சம்பந்தியம்மாள் உதட்டைப் பிதுக்கினார். அவர் மலைக்கிராமத்தில் பிறந்தவர். பனி என்றால் அவருக்கு விடியற்காலையில் மண்வெட்டி எடுத்து வாசலை வெட்டித் திறப்பதுதான் ஞாபகம் வரும். "லூனா" என்றார் அவர், நிலா. அந்தத் தெருவிலேயே மூன்று லூனா இருப்பதாகக் குழந்தை ஆட்சேபித்தாள். நட்சத்திரம் என்று பொருள்படும் ஸ்டெல்லா, வெண்மையைக் குறிக்கும் பியாங்கா, மூடுபனி என்று பொருள்படும் நெப்பியா எல்லாம் வந்து போயின. நாயோ இதிலெல்லாம் சம்பந்தமில்லாதது போல் என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "வீடு போயிற்று, எஜமானர் போனார், படுத்த இடம், சாப்பிட்ட தட்டு எல்லாம் போயிற்று. அதனிடம் மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் நாம் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டார்.

எல்லாரும் மௌனமானோம். நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். இரவில் தூக்கம் வரவில்லை. யோசனை ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாயின் பெயருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று வாசகர்கள் சிரிக்கலாம். பெயரைப் பற்றி நாம் சொல்லும் பழமொழிகளையும் வழக்கங்களையும் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். மகனுக்கோ மகளுக்கோ பிறந்த பிள்ளையைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதுதான் அப்படித் தேய்ந்தது; தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். நல்லது செய்தால் பேர் எடுத்தான் என்கிறோம். கெட்டது செய்தால் பேர் கெட்டது என்கிறோம். புருஷன் பெயரைச் சொல்லத் தயங்கிய பாட்டிமார்கள் வாழ்ந்த வீடுகளிலிருந்துதான் நாம் வந்திருக்கிறோம். பெயர் வெறும் ஒலி என்று நாம் நம்பியிருந்தால் இத்தனை பயமும் மரியாதையும் எதற்கு?

மனிதருக்கு ஒரு வசதி உண்டு. பெயர் பிடிக்காவிட்டால் வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். எழுத்தாளர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வதே அதற்குத்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கு அந்த வசதி கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஹஸ்கி என்ற ஜாதிப் பெயரையே பாருங்கள். வட துருவத்தை ஒட்டிய பனிநாடுகளில் வாழும் மக்களை வெளியிலிருந்து வந்தவர்கள் எஸ்கிமோக்கள் என்று அழைத்தார்கள். அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அன்று. இன்று அவர்களில் பலர் அதை விரும்புவதும் இல்லை. ஆங்கிலேய மாலுமிகளின் வாயில் அந்தப் பெயர் இன்னும் திரிந்து, அந்த மக்கள் வளர்த்த நாய்க்கு ஹஸ்கி என்று ஒட்டிக்கொண்டது. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் இந்த நாயைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கியவர்கள் சுக்சி மக்கள். அவர்களுடைய பெயர் நாயின் பெயரில் எங்கும் இல்லை. ஒரு சமூகத்தின் பெயரைத் தவறாகச் சொல்லி, அந்தத் தவற்றையும் சிதைத்து, வேறொரு சமூகம் வளர்த்த நாய்க்குச் சூட்டியிருக்கிறார்கள். பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவன் இஷ்டம்தான் உலகத்தில் செல்லுகிறது.

இந்த ஜாதியில் உலகப் புகழ் பெற்ற இரண்டு நாய்கள் உண்டு. 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. மருந்து கொண்டுபோக ரயில் இல்லை. கடல் உறைந்து கிடந்தது. 20 வண்டியோட்டிகள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். அந்த ஓட்டத்தில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடிய குழுவின் தலைவன் டோகோ. கடைசிப் பகுதியை ஓடி ஊருக்குள் மருந்தோடு நுழைந்த குழுவின் தலைவன் பால்ட்டோ. டோகோ என்பது ரஷ்யக் கடற்படையை 1905-இல் முறியடித்த ஜப்பானியத் தளபதியின் பெயர். பால்ட்டோ என்பது, 1888-இல் நான்சனோடு கிரீன்லாந்துப் பனிப்பாலையைக் கடந்த சாமி இனத்து வீரரின் பெயர். சைபீரிய நாய்கள், ஜப்பானியப் பெயரும் வட ஐரோப்பியப் பெயரும் தாங்கி, அமெரிக்கக் குழந்தைகளைக் காப்பாற்றின. ஆகவே ஹஸ்கிக்கு இத்தாலியப் பெயர் பொருந்துமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்தப் பெயரும் பொருந்தும்.

என்னை உறுத்தியது பால்ட்டோவின் பிற்காலம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கின் பெரிய பூங்காவில் பால்ட்டோவுக்கு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். ஓர் ஊர் முழுவதும் அந்தப் பெயரைக் கொண்டாடிற்று. அதற்குப் பிறகு, சிலையாகாத உண்மையான பால்ட்டோவும் அதன் கூட்டாளிகளும் கைமாறிக் கைமாறி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கும் ஒரு காட்சிக்கூடத்தில், சங்கிலியில் கட்டுண்டு, நோயும் மெலிவுமாகக் கிடந்தன. பூங்காவில் பால்ட்டோவின் பெயர் பளபளத்துக்கொண்டிருந்தது; அந்தப் பெயருக்குரிய உடம்பு வாடிக்கொண்டிருந்தது. கடைசியில் கிளீவ்லண்டு நகரத்துக் குழந்தைகள் சில்லறை சில்லறையாகச் சேர்த்த காசும் பெரியவர்களின் நன்கொடையும் சேர்ந்து 1927-இல் அவற்றை மீட்டன. நம் ஊரில் கேலியாகக் கேட்பார்களே, "பேர் வைத்தாயே, சோறு வைத்தாயா?" என்று, அந்தக் கேள்வியை அந்தக் குழந்தைகள்தான் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் ஒரு சிறு சம்பவம் நடந்தது. அதுதான் என் கட்சியை மாற்றியது.

என் செருப்பில் ஒன்றை நாய் கடித்துக் குதறிவிட்டது. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போன தோல் செருப்பு. எனக்குப் பெரிய வருத்தமில்லை. குழந்தைக்குத்தான் தாத்தாவின் செருப்புப் போயிற்றே என்று கோபம். காப்பகத்துக்காரர்கள் சொன்ன பெயரை உரக்கக் கூப்பிட்டாள்: "ரெஜீனா!"

நாய் காதுகளை மடக்கிக்கொண்டது. வயிறு தரையில் படும்படி ஊர்ந்து மேசைக்கு அடியில் போயிற்று. அங்கே படுத்தபடியே தரையை நனைத்துவிட்டது. குழந்தை பயந்து அழ ஆரம்பித்தாள்.

நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அந்த நீலக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பெயருக்குள் ஒரு கை ஓங்கியபடியே நிற்கிறது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. அரசி என்று வாயாரச் சொல்லி அடித்திருக்கிறார் அந்த மனிதர். அகராதியில் அந்தச் சொல்லுக்கு அரசி என்று பொருள். நாயின் காதில் அதற்கு அடி என்று பொருள். பெயருக்கு அர்த்தம் கொடுப்பது அகராதி என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டவன் அதற்குப் பின் என்ன செய்தான் என்பதுதான் பெயரின் அர்த்தமாகிறது.

மாப்பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மாற்றிவிடலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அடித்தவன் வைத்த பெயர் கெட்ட பெயர். அன்போடு வைத்த பெயர் நல்ல பெயர் என்று இங்கே முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அப்படி முடிக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் என் ஒன்பதாவது வயதுக்குப் போக வேண்டும்.

அப்போது அப்பாவுக்கு அம்பாசமுத்திரத்தில் உத்தியோகம். தெருவில் திரிந்த ஒரு செவலைக் குட்டியை நான் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து சோறு போட்டு வளர்த்தேன். அதற்குச் சீசர் என்று பெயர் வைத்தேன். நம் ஊர் நாய்களுக்கு ஜிம்மி, டைகர், சீசர் என்று வைப்பதுதான் அந்த நாளில் கௌரவம். சீசர் என்பது ரோமாபுரியின் பெயர் என்றெல்லாம் எனக்கு என்ன தெரியும்? இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. இத்தாலியப் பெயரை ஒரு நாய்க்கு நான் வைத்தது டூரினில் முதல் தடவையன்று.

அப்பாவுக்கு மாற்றலாயிற்று. "நாயெல்லாம் ரயிலிலே வராது" என்று சொல்லிவிட்டார். வில்வண்டியில் சாமான்களை ஏற்றி ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். சீசர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி தெருக்கோடி திரும்பும்போது எனக்கு அழுகை தாங்கவில்லை. வண்டியின் பின்புறத்திலிருந்து "சீசர்! சீசர்!" என்று கத்தினேன். அது எழுந்து ஓடி வந்தது. நான் கூப்பிடக் கூப்பிட அது ஓடி வந்துகொண்டே இருந்தது. ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. ரயில் புறப்பட்டபோது பிளாட்பாரத்தின் கோடிவரை வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்றென்று தெரியாது.

நான் அதை ஒருநாளும் அடித்ததில்லை. அன்பினால்தான் கூப்பிட்டேன். ஆனால் கூப்பிடாமல் இருந்திருந்தால் அது திண்ணையிலேயே இருந்திருக்கும். அடுத்த குடித்தனக்காரர் ஒரு கவளம் போட்டிருப்பார். வர இடம் கொடுக்காமல் வா என்று அழைத்தேன். அந்த மனிதர் பெயரைச் சொல்லி அடித்தார். நான் பெயரைச் சொல்லி ஏமாற்றினேன். எது பெரிய பாவம் என்று எடைபோட எனக்குத் துணிவில்லை.

பெயர் வைப்பது என்றால் கடன் வாங்குவது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு ஜீவனைப் பார்த்து, "இந்த ஒலி கேட்டால் நீ என்னிடம் வரவேண்டும்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது நம்பி வருகிறது. வருகிற ஒவ்வொரு தடவையும் நாம் கடனாளி ஆகிறோம். வந்ததற்கு ஒரு கவளம், ஒரு தடவல், குறைந்தபட்சம் வந்த இடத்தில் நாம் இருப்பது என்று அந்தக் கடனை அன்றன்றைக்கு அடைக்க வேண்டும்.

அந்த நாட்டிலேயே இதை நன்றாக உணர்த்தும் கதை ஒன்று உண்டு. அஸிஸி நகரத்து ஃபிரான்சிஸ் முனிவர் 1226-இல் மறைந்தவர். அவரைப் பற்றிப் பதினான்காம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கதைகளில் இதுவும் வருகிறது. குப்பியோ என்ற ஊரை ஓர் ஓநாய் அலைக்கழித்தது. ஆடுமாடுகளையும் மனிதர்களையும் கொன்றது. முனிவர் அதைத் தேடிப் போனார். அதைக் கொடிய மிருகமே என்று அழைக்காமல், ஓநாய்ச் சகோதரனே என்று அழைத்தார் என்பார்கள். இந்த அளவோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. முனிவர் அதைச் சந்தைவெளிக்கு அழைத்து வந்து ஊராரோடு ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். ஓநாய் யாரையும் தொடக் கூடாது. ஊரார் அதற்குத் தினமும் சோறு போட வேண்டும். இரண்டு ஆண்டுகள் அது வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுக் கிழப்பருவம் எய்தி இறந்தது. ஊரே துக்கம் கொண்டாடிற்று. சகோதரன் என்ற பெயர் மட்டும் கொடுத்துவிட்டு முனிவர் போயிருந்தால் ஓநாய் மறுநாளே ஒரு ஆட்டை அடித்திருக்கும். பெயரும் சோறும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டன.

இத்தாலியில் நாய்க்கு வழிவழியாக வரும் பெயர் ஃபீதோ. விசுவாசமுள்ளது என்று பொருள். புளோரன்ஸ் நகரத்தை அடுத்த மலைப்பகுதியில் அந்தப் பெயரோடு ஒரு நாய் இருந்தது. தினமும் பஸ் நிறுத்தத்தில் எஜமானருக்காகக் காத்திருந்து கூட்டிக்கொண்டு போகும். 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி குண்டுவீச்சில் அவர் இறந்துபோனார். அன்று தொடங்கி, 1958-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் உயிர் போகும் வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாய் அதே பஸ்ஸுக்காகப் போய் நின்றது. அது உயிரோடு இருக்கும்போதே ஊரார் பதக்கம் கொடுத்தார்கள், சிலையும் வைத்தார்கள். சம்பந்தியம்மாள் இந்தப் பெயரைப் பெண்பாலாக்கி ஃபீதா என்று வைக்கலாமே என்றார். எனக்கு ஒப்பவில்லை. விசுவாசம் என்ற பெயரை நாயின் கழுத்தில் மாட்டுவது நம்முடைய கடமையை அதன் தலையில் ஏற்றுவது போலிருந்தது. அதனிடம் விசுவாசத்துக்கு என்ன குறை? விட்டுவிட்டுப் போனது அதுவா?

கடைசியில் நான் சொன்ன பெயர் பிரீனா. இரவில் புல்லின்மேல் படிந்து, காலையில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் தெரியும் உறைபனிக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர். நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். பனி வேண்டும் என்ற குழந்தையின் ஆசை அதில் இருந்தது. மண்வெட்டியால் வெட்ட வேண்டாத பனி என்பதால் சம்பந்தியம்மாளுக்கும் சம்மதம். ரெஜீனா என்ற ஒலியின் வால் இந்தப் பெயரிலும் இருக்கிறது. மிச்சமிருந்த ஒரே உடைமையை முழுவதும் பிடுங்காமல் பாதியாவது விட்டு வைத்தோம் என்று மாப்பிள்ளை சமாதானமானார்.

"பழைய சத்தம் இருந்தா பழைய பயமும் வருமே, தாத்தா?" என்று கேட்டாள் குழந்தை. குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குத் தப்ப முடியாது.

அதற்காக வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். கையில் தின்பண்டம் இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. திட்ட வேண்டியிருந்தால் பெயரைச் சேர்க்காமல் திட்ட வேண்டும். பிரீனா என்பதும் வேகவைத்த கோழித் துண்டும் பிரியாமல் வந்துகொண்டிருந்தன. முதல் இரண்டு நாள் அது காதை மட்டும் திருப்பிற்று. நான்காம் நாள் தலையைத் திருப்பிற்று. பத்தாம் நாள், நான் முகப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, பழக்கத்தில் வாய்தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். எழுந்து வந்து என் முழங்கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டது. என் கையில் ஒன்றுமில்லை. எழுபத்தைந்து வயதில் அவசர அவசரமாகச் சமையலறைக்கு ஓடினேன்.

ஜூன் பிறந்ததும் வெயில் ஏறிற்று. டூரினில் கோடைக்காலம் நம்மூர்க்காரனையே விசிறி தேட வைக்கும். இரட்டை ரோமப் போர்வையோடு பிறந்த பிராணியை அந்த வெயிலில் நடத்தினால் ஆபத்து. பனி என்று பெயர் வைத்துவிட்டு வெயிலில் வாட்டலாமா? அதிகாலை ஐந்து மணிக்குள் போ நதிக் கரைக்கு அழைத்துப் போய் ஓடவிட்டு, வெயில் வருமுன் திரும்ப வேண்டும். யார் போவது என்று கேள்வி வந்தது. "பேர் வெச்சவர்தான்!" என்று குழந்தை தீர்ப்புச் சொன்னாள். நான்கரை மணிக்கு எழுந்து, ஆற்றங்கரைப் பூங்காவில், என்னைவிட வேகமான ஒரு பிராணி என்னை இழுத்துக்கொண்டு ஓட, பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். என் நாவல்களில் பெயர் பெற்றவர்கள் யாரும் என்னிடமிருந்து இவ்வளவு வசூலித்ததில்லை.

ஜூலையில் நான் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. பெட்டிகளைக் கீழே கொண்டுபோயிற்று. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் டாக்ஸிக் கதவைத் திறந்துகொண்டு மேலே பார்த்தேன். முகப்புக் கம்பிகளுக்கிடையில் அந்த வெள்ளை முகம் தெரிந்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன. என் வாயைப் பார்த்துக்கொண்டு, நான் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது.

பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் என்ன, என்று மனம் கெஞ்சிற்று. வில்வண்டியும் தெருக்கோடியும் நினைவுக்கு வந்தன. பற்களைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் குரல் கேட்டது. "பிரீனா!" என்று ஈகாரத்தை நீட்டி, அந்த ஊர்க்காரர்கள் கூப்பிடுவதைப் போலவே கூப்பிட்டாள். நாய் என்னை ஒரு கணம் பார்த்தது. பிறகு திரும்பி, கூப்பிட்டவளிடம் உள்ளே போய்விட்டது.

நான் டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.